மகரந்தத்தாள் அமைப்புச் சொற்கள்

பூவினுள் தாதினை விளைக்கும் ஆணுறுப்புகளாகிய மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும், நீளத்தையும், அவை தம்முள்ளும் பிற உறுப்புகளோடும் இணைந்திருக்கும் முறையையும் குறிக்கும் தாவரவியற் பரிபாஷைகள் இவை. மகரந்தம் என்பது வடமொழியில் பூந்தேனைக் குறித்து, தமிழ் வழக்கில் பூந்தாதுக்குப் பெயராயிற்று.

வரலாறு: சுவீடன் நாட்டு லின்னேயசு 1735-இல் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது, அவற்றுட் பெரும்பாலானவற்றிற்கு மகரந்தத்தாள்களையே ஆதாரமாகக் கொண்டு, இணைந்து நிற்பவற்றிற்குச் சகோதரர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பெயர் அமைத்தார். அவருடைய மாணாக்கர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் ஆர்க்காட்டு நவாபிடம் பணிபுரிந்தமையால், அம்முறை சோழமண்டலக் கரையில் வேரூன்றிற்று. 1795-இல் இக்கரையின் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிடத் தொடங்கிய ராக்சுபரோவும் அதனையே தழுவினார். 1834-இல் வைட்டும் வாக்கர் ஆர்னாட்டும் இயற்கை முறையில் நூல் வகுத்தபின் அவ்வகுப்புகள் வழக்கொழிந்தன. எனினும், குடும்ப இலட்சணங்களை உரைக்க அவற்றின் சொற்கள் இன்றியமையாதனவாய் நிலைத்தன.

வகைகள்: சோழமண்டலக் கரையை அடுத்து, தமிழ்நாட்டின் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டை வேலியோரத்துச் செடிகளே இவற்றிற்குப் போதிய உதாரணங்களாம். பூவரசில் தாள்களெல்லாம் ஒரே குழலாய்ச் சூல்தண்டினைச் சூழ்வது ஒருகற்றை. அகத்தியில் ஒன்பது சேர்ந்து ஒன்று தனித்திருப்பது இருகற்றை. ஆமணக்கில் பல கொத்துகளாய்க் கிளைப்பது பலகற்றை. மூக்குத்திப்பூண்டில் தாள்கள் தனித்திருக்க மகரந்தப்பைகள் ஐந்தும் ஒட்டிக் குழலாகும். தும்பையில் இரண்டு நீண்டும் இரண்டு குறுகியும், கடுகில் நான்கு நீண்டும் இரண்டு குறுகியும் இருக்கும். ஊமத்தையில் தாள்கள் அல்லியோடும், எருக்கில் சூலகமுடியோடும் ஒட்டியிருக்கும்.

தமிழாக்கம்: இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கும் முயற்சி வலுப்பெற்றதன் பயனாக, 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பல துறைக் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது; 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியமும் அந்நெறியை வளர்த்தது. தாவரவியலில் நிலைபெற்ற ஒருகற்றை முதலிய சொற்களில், கிரேக்கத்தின் சகோதர உருவகம் நீங்கி, வைக்கோலையும் கூந்தலையும் குறித்துத் தமிழர் நாள்தோறும் வழங்கும் ‘கற்றை’ அமர்ந்தது. மூலச்சொல் உறவைக் கற்பித்துக் காட்ட, தமிழ்ச்சொல் கண்ணாற் கண்டதனையே கூறுகின்றது. பூவரசம் பூவொன்றினைப் பிரித்துப் பார்க்கும் மாணாக்கனுக்கு அச்சொல்லின் பொருளை வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை.