வயல்காரர் சம்மதித்தால் பறவையைச் சுடலாமா?

"நம்ம தோட்டம்தான், மயில் தொல்லை தாங்கல, வந்து சுடு" என்று நண்பர் கூப்பிடுகிறாரா? ஏர்கன்னைத் தொடாதீர்கள். நிலம்தான் அவருடையது, பறவை அல்ல.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு, அட்டவணை 1, 2-இல் உள்ள உயிரினங்களை வேட்டையாடத் தடை விதிக்கிறது. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, ஏன், முட்டையை உடைப்பதுகூட வேட்டைதான்.

விலக்கு 11-வது பிரிவில் இருக்கு. அட்டவணை 2 உயிரினம் பயிரை அழித்தால், தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ காரணம் குறிப்பிட்டு எழுத்துமூலம் அனுமதிக்கலாம். மயில் இருப்பதோ அட்டவணை 1-இல். அங்கே பயிர்ச்சேதம் ஒரு காரணமே இல்லை. மனித உயிருக்கு ஆபத்து, தேற முடியாத காயம் அல்லது நோய் என்றால்தான் பேச்சே. மீறினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

"அப்போ காக்காவையாவது சுடலாம்ல?" அது பழைய கதை. காகம் இடம்பெற்றிருந்த தொல்லை உயிரினப் பட்டியலை 2022 திருத்தம் நீக்கிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் இது அமலில் இருக்கு. இப்போது அப்படி அறிவிப்பது 62-வது பிரிவின்படி மத்திய அரசின் கையில். அதுவும் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு.

நண்பருக்கு உதவணும்னா, சேதத்தை போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்க. இழப்பீட்டு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.