புகையிலைச் சந்தையும் ஒரு பாடகனும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டேர்ஹாம் புகையிலையால் வளர்ந்த நகரம். இலையுதிர் காலத்தில் சுற்றுப்புற விவசாயிகள் தம் விளைச்சலைப் பண்டசாலைகளுக்குக் கொண்டுவருவர், ஏலம் நடக்கும், பெருங் கம்பனிகள் வாங்கிக்கொள்ளும். இலையின் நடுநரம்பை நீக்கும் தூசு நிறைந்த வேலை, மிகக் குறைந்த கூலிக்குக் கறுப்பினத் தொழிலாளரிடம், அவர்களுள்ளும் பெண்களிடம், விடப்பட்டிருந்தது. ஏல நாட்களில் பண்டசாலை முன்றிலிலும், வேலை விடும் நேரத்தில் ஆலை வாயிலிலும் தெருப்பாடகர் கிற்றாருடன் நிற்பர். பெருவிரல் கீழ்த்தொனித் தந்திகளில் தாளம் காக்க, ஏனைய விரல்கள் மெட்டை இசைக்கும். ‘பியட்மன்ற் புளூஸ்’ என வழங்கும் இத்துள்ளல் இசை, தொழிலாளரின் சில்லறைக் காசில் வளர்ந்த கலையாகும்.

அக்கலையில் முதன்மை பெற்றவன் புல்ரன் அலன். வேட்ஸ்பரோ என்னும் சிற்றூரில் பிறந்து, உடலுழைப்பால் வாழ்ந்த அவன், 1928 அளவில் பார்வையை முற்றாக இழந்தான். உழைக்கும் கரங்களுக்குக் கிற்றார் ஒன்றே கதியாயிற்று. 1935 யூலையில் ஜே. பி. லோங் என்ற வெள்ளையரான கடை முகாமையாளர் அவனை நியூயோர்க்கிற்கு அழைத்துச் சென்று பாடல்களைப் பதிவு செய்வித்தார். இசைத்தட்டில் அச்சான பெயர் ‘பிளைண்ட் பாய் புல்லர்’. அதாவது, குருட்டுப் பையன் புல்லர். வளர்ந்த கறுப்பின ஆண்களைப் ‘பையன்’ என்றழைப்பது அன்றைய தென்மாநில வெள்ளையரின் வழக்கம் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1940 வரை அவன் பதிவு செய்தவை 120 இற்கு மேற்பட்ட பாடல்கள். ஆயின் கறுப்பின மக்களுக்கென விற்கப்பட்ட இசைத்தட்டுக்களின் வணிகம் தனக்கென ஒரு நியதியை வகுத்திருந்தது: பாடியதற்கு ஒருமுறைக் கூலி, விற்பனையில் பங்கில்லை. 1937இல் அவன் டெக்கா கம்பனிக்குப் பாடியபோது லோங் உரிமை கோரித் தலையிட்டார். விவசாயிக்காவது தன் இலையைப் பலர் ஏலம் கேட்கும் சந்தை இருந்தது. இக்கலைஞனுக்கு அதுவும் மறுக்கப்பட்டது.

அவனை மாசற்ற மனிதனாக வரைவது வரலாறாகாது. 1938இல் மனைவியைச் சுட்டுக் காயப்படுத்தியமைக்காக அவன் சிறையிலிருந்தான். அவ்வாண்டு டிசெம்பரில் ஜோன் ஹமண்ட் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் நடத்திய இசைநிகழ்ச்சிக்கு, அவனுக்குப் பதிலாகப் பார்வையிழந்த வாயிசைக் கலைஞர் சொனி ரெரி சென்றார். வறுமையின் கொடுமையை அதிகம் சுமந்தவர்கள் பெண்களே என்பதற்கு இவ்வீடும் விலக்கன்று.

1941 பெப்ரவரியில், நாற்பது வயதும் நிரம்பாத நிலையில், சிறுநீரக நோயினால் அவன் மறைந்தான். அதன் பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. அதே ஆண்டில் பிரவுனி மக்கீ என்ற இளங்கலைஞரின் இசைத்தட்டுக்கள் ‘பிளைண்ட் பாய் புல்லர் இரண்டாம் எண்’ என்ற பெயரில் வெளிவந்தன! மக்கீ பார்வையிழந்தவருமல்லர். மனிதன் மாண்டான்; அவன் பெயர் விற்பனைச் சரக்காகத் தொடர்ந்தது.

இவனைத் தனிமனிதப் பேராற்றலின் கதையாக மட்டும் கூறுவோர், அவன் கலையை வளர்த்த ஆலைவாயில் மக்களை மறந்துவிடுகின்றனர். துயரக் கதையாக மட்டும் கூறுவோர், அத்துயரில் இலாபம் கண்டவர்களை மறைத்துவிடுகின்றனர். ஒரு பாடலை மாணவருக்கு அறிமுகஞ் செய்யும் ஆசிரியர், அதைப் பாடியவன் யார் என்பதோடு அதன் பயனை அனுபவித்தவர் யார் என்றும் கேட்கக் கற்பிப்பாராக. கலை வரலாறு அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.