ஸ்பிரிங்கை அமுக்கின கதை

கார் ஸ்பிரிங்கை வீட்டு வாசல்லயே அமுக்கற குறுக்கு வழிகளுக்கும் ஒரு வரலாறு இருக்கு மக்களே.

நம்ம வில்வண்டில இருந்தது அடுக்கடுக்கான பட்டை. அம்பாசடர்லயும் பின்னாடி பட்டைதான். முன்னாடி முறுக்கிக்கற டார்ஷன் பார். அமுக்கறதுக்கு சுருள் ஸ்பிரிங்கே கிடையாது! பிரீமியர் பத்மினில (பூர்வீகம் ஃபியட் 1100) முன்னாடி சுருள் உண்டு. இந்த வகைல கீழ் ஆர்முக்கு அடியில ஜாக்கியைக் கொடுத்து, மூட்டைக் கழட்டிட்டு, மெதுவா இறக்கினா ஸ்பிரிங் தானா தளரும். அமுக்கிப் பிடிக்கற வேலையை வண்டியோட எடையே பார்த்துக்கும்.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டுல வேலை பார்த்த ஏர்ல் மெக்ஃபர்சன் உருவாக்கினது. 1950-லயே இங்கிலாந்து ஃபோர்டு கான்சல்ல வந்தாச்சு. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டு. கதை மாறினது இங்கதான். கட்டை வெளிய எடுத்துட்டா மேல வண்டி எடை இல்லை. ஆனா ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கும். பிடிச்சிருக்கறது உச்சில இருக்கற ஒத்தை நட்டு!

அதனால புது வித்தைகள் வந்துச்சு. வண்டி சக்கரத்துல நிக்கும்போதே சுருளோட சுருளைச் சேர்த்து கம்பியோ சங்கிலியோ கட்டிட்டு, அப்புறம் ஜாக்கி போடறது ஒண்ணு. மரை போட்ட ராடுல கொக்கி மாட்டி நட்டை முறுக்கறது இன்னொண்ணு. கடைல விக்கற கம்ப்ரெஸரும் இந்த ரெண்டாவதோட ஒழுங்கான வடிவம்தான்.

1678-ல ராபர்ட் ஹூக் எழுதி வச்ச விதிப்படி ஒரு கணக்கு. மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் கேக்கற ஸ்பிரிங்கை 15 செ.மீ. அமுக்கினா 3000 நியூட்டன், சுமார் 300 கிலோ எடை. உள்ள அடங்கியிருக்கறது 225 ஜூல். 23 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து விழற அடி. அது மூஞ்சில விழுந்தா?

எங்க கோட்டைப்பட்டினத்துல நைலான் கயிறுக்குப் பஞ்சமே இல்லை, மீன்பிடி ஊராச்சே. ஆனா நைலான் இழுபடும், ஸ்பிரிங்குக்கு அது ஆகாது. உப்புக்காத்துல துருப்பிடிச்ச ராடும் நம்பக்கூடியதில்லை.

ஃபியட் காலத்து தைரியத்தை ஸ்ட்ரட்டுகிட்ட காட்டாதீங்கன்னுதான் இந்தப் பதிவு. எதிரெதிரா ரெண்டு கம்ப்ரெஸர் மாட்டி, மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. ஸ்பிரிங் லூசா ஆடினப்புறம் நட்டுல கை வைங்க. ஸ்பிரிங்குக்கு நேரா மட்டும் நிக்கவே நிக்காதீங்க.

உங்க ஊர் மெக்கானிக் அண்ணன் என்ன வித்தை பண்ணுவார்? பின்னூட்டத்துல சொல்லுங்க :)