வாயப்பயம் சொல்லும் பிள்ளை

மழலை என்ற சொல்லை மழலை பேசும் வயதில் யாராலும் சொல்ல முடியாது. தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் கடைசிக் கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ழகரமும் ஒன்று. ரெண்டு வயதுப் பிள்ளை பழம் கேட்டால் ‘பலம்’ என்றோ ‘பயம்’ என்றோதான் கேட்கும். அது கன்னியாகுமரியில் பிறந்திருந்தாலும் சரி, காட்பாடியில் பிறந்திருந்தாலும் சரி. அதற்குப் பிறகுதான் ஊர் தலையிடுகிறது. மதுரைப் பக்கத்துப் பிள்ளை அதைப் ‘பளம்’ என்று மாற்றிக்கொள்ளும். குடியாத்தத்துப் பிள்ளைக்கு மாற்றிக்கொள்ளும் தேவையே வராது. அதனோட ஆயா சொல்வது வாயப்பயம். எதிர்வீட்டு அண்ணன் சொல்வது கோயி. பேருந்தில் கேட்பது ‘வயி விடும்மா’. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் திருத்திக்கொள்ளும் பிழையை இந்தப் பிள்ளையின் தெரு ‘சரிதான்டா’ என்று தட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. ழகரத்தைத் தவறவிட்டது வட ஆர்க்காடு மட்டும் இல்லை. மதுரையிலும் திருநெல்வேலியிலும் வீட்டுப் பேச்சில் ழ பெரும்பாலும் ளதான். அங்கே ‘பளம்’ சொன்னால் அது மண்வாசனை. இங்கே ‘பயம்’ சொன்னால் அது கொச்சை, சோம்பேறி நாக்கு, படிக்காதவன் பேச்சு. ரெண்டு பேரும் தவறவிட்டது ஒரே எழுத்தைத்தான். ஒருத்தனுக்கு மட்டும் ஏன் அபராதம்? பெரிய காரணம் சென்னை என்று நினைக்கிறேன். அந்த நகரத்தின் கூலி வேலைகளைச் செய்தவர்களின் பேச்சில் வடதமிழகத்துக் கிராமங்களின் பேச்சும் கலந்திருந்தது. இன்னா, கீது, வந்துகினு, அம்மாம் பெரிசு, என்னாண்ட என்பதெல்லாம் ரிக்‌ஷாக்காரரோடு சேர்ந்து திரைக்குப் போயின. சந்திரபாபுவிலிருந்து லூஸ் மோகன் வரை அந்தப் பேச்சு வந்தாலே கொட்டகை சிரிக்கத் தயாரானது. குடியாத்தத்தில் ஒரு பிள்ளை முதல்முறையாக ‘எங்க கீற?’ என்று கேட்கும்போது, அதுக்குத் தெரியாமலே, அறுபது எழுபது வருடத்துச் சிரிப்பு ஒன்று அதன் தலைக்கு மேலே காத்துக்கொண்டிருக்கிறது.

படித்தவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் தெலுங்கு. ‘ஆந்திரா பார்டர், அதான் தமிழ் கெட்டுப்போச்சு.’ எல்லைக் கதை உண்மைதான். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர். 1911இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகரானது. அதற்கு முன்பு குடியாத்தமும் பலமநேரும் ஒரே கலெக்டருக்கு மனுப் போட்டவை. 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்ததும் அந்த நீண்ட இழுபறியின் தொடர்ச்சிதான். சந்தைக்குப் போகிறவர்களும் பெண் கொடுத்து எடுத்தவர்களும் கோடு போட்டதால் நின்றுவிடவில்லை. நைனா என்று அப்பாவைக் கூப்பிடும் வீடுகள் தெலுங்கு வீடுகள் மட்டுமா என்ன? ஆனால் ழகரத்தின் மேல் தெலுங்கைக் குற்றம் சாட்டுவது செல்லாது. நாம் கோழி என்பதைத் தெலுங்கு ‘கோடி’ என்கிறது, ஏழு என்பதை ‘ஏடு’ என்கிறது. தெலுங்கைப் பார்த்துக் கெட்டிருந்தால் குடியாத்தத்தில் கோடி கூவியிருக்க வேண்டும். இங்கே கூவுவது கோயி.

தொல்காப்பியர் இந்த விஷயத்தில் நம் காலத்து ஆட்களைவிடப் பெருந்தன்மையானவர். பிறப்பியலில் ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்கிறார். நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தடவினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று ரெண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறார். அதே ஆசிரியர் சொல்லதிகாரத்தில் திசைச்சொல்லுக்கும் ஓர் இருக்கை போட்டுக் கொடுக்கிறார். செந்தமிழ் நிலத்தைச் சுற்றிய பன்னிரண்டு நிலங்களை உரையாசிரியர்கள் எண்ணும்போது கடைசியில் அருவா, அருவா வடதலை என்று வடக்கே வந்து முடிக்கிறார்கள். கொடுந்தமிழ் என்ற பெயரில் வரும் ‘கொடு’வுக்கு வளைவு என்று பொருள். வைத பெயர் அல்ல அது.

சரி, பிள்ளைக்கு இந்த வளைவு எப்போது ஏறுகிறது?

16ஆம் நூற்றாண்டில் அக்பர் இதைத் தலைகீழாகச் சோதித்துப் பார்த்தார். கைக்குழந்தைகள் சிலரைப் பேச்சே காதில் விழாதபடி ஒரு கட்டடத்தில் வளர்க்க ஏற்பாடு செய்தார். ஊர் அதை ஊமை மாளிகை என்றது. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒரு பிள்ளைக்கும் பேச்சு வரவில்லை. பேரரசர் நினைத்தால் ஒரு பிள்ளைக்குத் தெரு இல்லாமல் செய்ய முடியும். மொழியைக் கொடுக்க முடியாது.

இப்போதைய ஆய்வாளர்கள் அந்தக் கொடுமை எதுவும் இல்லாமலே நிறையக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து ரெண்டு முதல் அஞ்சு நாளே ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகள், 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்தார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகளின் அழுகை பெரும்பாலும் ஏறி முடிந்தது, ஜெர்மன் பிள்ளைகளின் அழுகை இறங்கி முடிந்தது. அந்தந்த மொழியின் ராகம்தான் அது. வயிற்றுக்குள்ளேயே கேட்டிருக்கிறது. 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்த சோதனை நமக்கு இன்னும் பக்கம். நம் த-வும் ட-வும் மாதிரி இந்தியில் இருக்கும் ரெண்டு ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆறு, எட்டு மாதத்தில் பிரித்துக் கேட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பத்து, பன்னிரண்டு மாதத்தில் கேட்க முடியாமல் போனார்கள். பேச ஆரம்பிக்கும் முன்பே காது கதவைச் சாத்திக்கொள்கிறது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் ஊர்ப் பிரசவ வழக்கம்தான் ஞாபகம் வருகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூணு மாசமோ அஞ்சு மாசமோ கழித்துத்தான் பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். சித்தூர்ப் பக்கத்துப் பெண்ணோ திருவண்ணாமலைப் பெண்ணோ குடியாத்தத்தில் வாக்கப்பட்டிருந்தால், பிள்ளை வயிற்றில் கேட்டதும் பிறந்ததும் கேட்டதும் தாய்வீட்டு ராகம். பிள்ளைத்தமிழில் அஞ்சாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். கீர் என்றால் சொல் என்று பொருள் கொண்டு, பிள்ளை ஒலிக்கத் தொடங்கும் பருவம் அது என்று விளக்குகிறவர்கள் உண்டு. கிட்டத்தட்ட அந்த மாதத்தில்தான் பிள்ளை ஊர் மாறுகிறது. அழுகை அம்மா ஊர், பேச்சு அப்பா ஊர் என்பது என் கணக்கு. அழுகை ஆய்வு ரெண்டு தனி மொழிகளை வைத்துச் செய்தது, வட்டாரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தாலாட்டில் வரும் ‘தால்’ நாக்கு என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். தொட்டிலுக்கு முன்னால் முதலில் ஆடுவது பாடுகிறவளின் நாக்கு.

குடியாத்தத்தில் அந்த நாக்குக்கு ஓய்வும் கிடையாது. பீடியும் தீப்பெட்டியும் கைத்தறியும் ஊருக்குச் சோறு போட்டவை. பீடி சுற்றும் வேலை வீட்டுத் திண்ணையில் நடப்பது. நாலு பெண்கள் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் கை இலையில் இருக்கும், கண் கணக்கில் இருக்கும், வாய் மட்டும் சும்மா இருக்கும். அதனால் பேச்சு நிற்காது. பக்கத்தில் தூளியில் கிடக்கும் பிள்ளையிடம் யாரும் பேசவில்லை. ஆனால் அதன் தலைக்கு மேலே காலையிலிருந்து சாயங்காலம் வரை ‘இன்னாத்துக்கு’, ‘அப்பால பாத்துக்கலாம்’, ‘ஒண்டியா வந்துகினு இருந்தா’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் பாடசாலை.

அப்புறம் பிள்ளை நடக்கும், தெருவில் இறங்கும். இங்கிலாந்தில் 1967இல் அறிவிக்கப்பட்ட புது நகரம் மில்டன் கீன்ஸ். பல ஊரிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். பால் கெர்ஸ்வில்லும் ஆன் வில்லியம்ஸும் அங்கே நாலு, எட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பேச்சை ஒப்பிட்டார்கள். நாலு வயதில் பெற்றோர் உச்சரிப்பின் ஒட்டுதல் தெரிந்தது. எட்டு வயதில் கூட்டாளிகள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் ஆர்வில்லா பெய்ன் பார்த்தபோது, வெளியூர்ப் பெற்றோரின் பிள்ளைகள் அந்த ஊர் உச்சரிப்பில் எளிதானதை எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். நுணுக்கமான ஒரு விதியை மட்டும் முழுசாகப் பிடிக்கவில்லை. அதற்குப் பெற்றோரும் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியிருந்தது. தெரு எல்லாவற்றையும் கொடுப்பதில்லை.

தொலைக்காட்சி? சுட்டி டிவி 2007இல் வந்தபோது, இனிமேல் பிள்ளைகள் எல்லாம் டோரா புஜ்ஜி மாதிரிதான் பேசும் என்று பயந்தவர்கள் உண்டு. சொற்கள் ஒட்டிக்கொண்டன, உண்மை. ஆனால் ஒலி வேறு சங்கதி. பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். எதிரே உட்கார்ந்து ஆள் பேசியபோது கற்றுக்கொண்ட பிள்ளைகள், அதே பேச்சைத் திரையில் பார்த்தபோது கற்கவில்லை. பெட்டியைவிடத் திண்ணை பலசாலி.

பள்ளிக்கூடம்தான் பயப்பட வேண்டிய இடம். ஒண்ணாம் வகுப்பில் ழ எழுதக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் வேலை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயப்பயம் என்றதும் வகுப்பே சிரிப்பதுபோல நடத்தப்படும் பாடம் வேறு. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு தன் நாக்கின் மேலே விழவில்லை, ஆயாவின் மேலே விழுகிறது. அழகிய பெரியவன் பேரணாம்பட்டுப் பேச்சைக் கதைகளுக்குள் கொண்டுவந்தபோது பலருக்கு முதலில் ஏற்பட்டது வெறும் ஆச்சரியம்தான். இந்தப் பேச்சில் அழவும் முடியும் என்பதே அவர்களுக்குப் புதிது. சினிமா அதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே.

இப்போது குடியாத்தத்துப் பெண்களுக்கு மாப்பிள்ளை பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அமைகிறது. தலைப்பிரசவத்துக்கு அவர்கள் இங்கேதான் வருகிறார்கள். அஞ்சாம் மாசம் குடியாத்தம் ஸ்டேஷனில் பிள்ளையோடு ரயில் ஏறுகிறார்கள். அந்தப் பிள்ளை எட்டு வயதில் கோடை லீவுக்குத் தாய்மாமன் வீட்டுக்கு வரும். வந்த அன்றைக்குத் தெருப் பசங்க பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். மூணாம் நாள் விளையாட்டில் சண்டை முற்றும்போது, ‘இன்னாடா, கோயி மாதிரி ஓடுற?’ என்று சண்டைக்குப் போகும். உள்ளேயிருந்து அதன் அம்மா கூப்பிட்டால், ‘இதோ வர்றேம்மா’ என்று கோயம்புத்தூர்த் தமிழில் பதில் சொல்லும்.