ஆற்றெல்லையும் ஆட்சியெல்லையும்

முதலாம் இராசராசன் காலத்து வளநாடுகள் பலவற்றை, இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் என்றே கல்வெட்டுகள் குறிக்கின்றன. சோழ மண்டலத்தில் நீரே எல்லையாக இருந்தது.

1799 உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசியிடமிருந்து நாட்டைப் பெற்ற கும்பினியார், வரித்தண்டலுக்குக் கலெக்டரை அமர்த்தினர். கழிமுகத்தின் பெரும்பகுதி ஒரே மாவட்டமாயிற்று. விடுதலைக்குப் பின் 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. இதனால் விளைந்த நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. மயிலாடுதுறை மக்கள் புதுவை ஆட்சிக்குட்பட்ட காரைக்காலைக் கடந்து நாகைக்குச் செல்லும் அலைச்சல் தீர்ந்தது. 1994 ஊராட்சிச் சட்டமும் சிற்றூர்களுக்குச் சில அதிகாரங்களைத் தந்தது.

ஆயினும் கல்லணையில் பிரியும் நீர் மாவட்ட எல்லை அறியாது. கடைமடை உழவர் இன்றும் அடுத்த மாவட்டத்து மதகையே எதிர்நோக்குகின்றனர். அலுவலகத்தை அருகே கொணர்ந்த நாம், நீர்ப்பங்கீட்டில் அவர்தம் குரலுக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.