தந்தியை அளந்த தமிழர்

இசை யாருடைய உடைமை?

கலைமகள் கையிலே வீணை, கண்ணன் இதழிலே குழல், நந்தியின் மடியிலே மத்தளம் என்று படம் தீட்டிக் காட்டினர். இசை விண்ணிலிருந்து இறங்கியது என்றனர், அதைக் காத்து நிற்கும் உரிமை இன்னாருக்கே உண்டு என்றனர், ஏனையோர் கேட்கலாம், களிக்கலாம், தலையாட்டலாம், "ஏன்?" என்று மட்டும் வினவலாகாது என்றனர். வடமொழி சாத்திரம் ஓர் எண்ணைச் சொன்னால் அந்த எண்ணே முடிவு; அதற்குமேல் ஆராய்வது அபசாரம் என்பதே பாடமாக இருந்தது.

அந்தப் பாடத்தை ஒருவர் ஏற்க மறுத்தார். சாத்திரத்தை மேசை மீது விரித்து வைத்தார், பக்கத்திலே வீணையை வைத்தார், தந்தியை அளந்தார், கணக்குப் போட்டார், கணக்கு ஒத்துவரவில்லை என்று அறிவித்தார். அவர்தாம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

அவர் நாத்திகரல்லர்; கிறித்தவர். ஏசுவை நெஞ்சாரப் பாடியவர். பகுத்தறிவாளர் ஏட்டிலே பக்தர் ஒருவருக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது முறையே! விடை அவர் வாழ்விலே இருக்கிறது. கொங்குநாட்டு இளைஞர்கள் அவரை அறிந்துகொள்ளத் தனிக் காரணமும் ஒன்று உண்டு: அவர் கையாண்ட கருவிகளுள் தலையாயது, கொங்கு மண்ணிலே பிறந்த புலவர் ஒருவரின் உரை.

*

1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில், முத்துசாமி நாடாருக்கும் அன்னம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் ஆபிரகாம்.

அந்நாளிலே நாடார் குலத்திற் பிறப்பதென்றால் என்ன பொருள்? கோயில் வாயில் அடைபட்டிருக்கிறது என்று பொருள். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர் என்பதற்காக வழக்கு எழுந்தது. 1899இல் சிவகாசி தீயிலே வெந்தது. கமுதி வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் தீர்ப்பு வந்தது. நாடாருக்கு நுழையும் உரிமை இல்லை என்பதே அந்தத் தீர்ப்பு! பண் இசைத்துத் தேவாரம் ஓதப்படும் கோயிலின் வாயிலிலே, பண்ணுக்கு உரிய மக்களில் ஒரு பெரும் பகுதியினர் நிறுத்தப்பட்டிருந்தனர். கிறித்தவராக மாறியவருக்கு அந்த வாயிலைப் பற்றிய கவலை தீர்ந்தது. ஆனால் சாதியைப் பற்றிய கவலை தீரவில்லை. திருச்சபைக்குள்ளும் சாதி நாற்காலி போட்டு அமர்ந்திருந்த காலம் அது. ஆயினும் பாதிரிமார் பள்ளி ஒரு நன்மை செய்தது. எழுத்தறிவின் கதவைத் திறந்துவிட்டது.

அந்தக் கதவின் வழியே நடந்தார் ஆபிரகாம். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் கற்றார். சித்த மருத்துவத்தில் நாட்டம் மிகுந்து சுருளிமலைக்குச் சென்றார். அங்கே கருணாநந்தர் என்னும் துறவியைக் கண்டு, மூலிகை நுட்பங்களைக் கற்றுக்கொண்டார்.

இங்கே சற்று நிற்போம். கிறித்தவ இளைஞர் ஒருவர், மலையிலே வாழும் சித்தர் மரபினர் ஒருவரை ஆசானாக ஏற்கிறார். பின்னாளில் தாம் செய்த மருந்துக்கும், அமைத்த தோட்டத்திற்கும், எழுதிய பெருநூலுக்கும் அந்த ஆசானின் பெயரையே நினைவாகச் சூட்டுகிறார். ஏசுவிடம் கொண்ட பற்றுக்கு அதனால் ஊறு நேர்ந்ததாக அவர் கருதவில்லை. மதத்தை அவர் விடவில்லை. மதத்தை வேலியாக்கி, அறிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் தடுக்கவும் இல்லை.

*

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். இருவரும் தஞ்சை சென்று, சீமாட்டி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். கணவன் சம்பாதிக்க மனைவி அடுக்களையிலே புகைந்துகொண்டிருந்த காலத்தில், இணையர் இருவரும் ஒரே பள்ளியில் கற்பித்தனர். 1890இல் இருவரும் அப்பணியை விட்டு மருத்துவத்தில் முழுமையாக இறங்கினர். பண்டிதரின் மருந்துகள் புகழ் பெற்றன, பொருள் குவிந்தது. தஞ்சைக்கு வெளியே கருணாநந்தபுரம் என்னும் பெரும் பண்ணையை உருவாக்கினார். 1909இல் ஆங்கில அரசு 'ராவ் சாகிப்' பட்டம் அளித்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 1908இல் "உன் இனத்தார் கோயிலுக்குள் வரலாகாது" என்ற தீர்ப்பு. 1909இல் அதே இனத்திற் பிறந்தவருக்கு அரசின் பட்டம். அரசின் ஒரு கை தள்ளியது. மறு கை தட்டிக்கொடுத்தது.

பட்டத்தோடும் பண்ணையோடும் நிறைவு கொண்டிருந்தால் பண்டிதர் செல்வர் பட்டியலிலே ஒருவராகி மறைந்திருப்பார். வந்த பொருளை அவர் இசையிலே கொட்டினார். 1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' வெளிவந்தது. இசை பயில்வோருக்கான தமிழ்ப் பாடல்களை அவரே இயற்றித் தொகுத்த நூல் அது. தெலுங்குக் கீர்த்தனை தெரியாதவன் இசை தெரியாதவன் என்று எண்ணப்பட்ட நாளிலே, முதற் பாடம் முதல் தமிழிலே கற்கலாம் என்று செய்து காட்டிய முயற்சி!

பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார். ஆண்மக்களுக்கு மட்டுமன்றிப் பெண்மக்களுக்கும் கற்பித்தார். பெண் மேடையிலே பாடினால் அவளைப் பொட்டுக்கட்டியவள் என்று முத்திரை குத்திய காலம் அது. பொட்டுக்கட்டும் கொடுமையைச் சட்டம் ஒழித்ததே 1947இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1916 மார்ச்சில் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டில், நாடெங்கிலுமிருந்து திரண்ட வித்துவான்கள் முன்னிலையில், தந்தையின் ஆராய்ச்சி முடிவுகளை மகளிர் இருவர் இசைத்து மெய்ப்பித்தனர். தந்தை கணக்கைச் சொன்னார். மகளிர் அதைக் காதுக்குக் காட்டினர். அந்த ஒரு காட்சி, பெண் விடுதலை பற்றிய நூறு சொற்பொழிவுக்கு ஈடாகும்!

*

அப்படி என்ன கணக்கு அது?

ஒரு தந்தியை மீட்டினால் எழும் ஓசை குரல், வடமொழியில் சட்சம். தந்தியைச் சரி பாதியாக்கினால் அதே குரல் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மீட்டினால் இளி பிறக்கும். பஞ்சமம் என்பது அதுவே. இரு குரல்களுக்கும் இடையே எத்தனை நுண் சுருதிகள் என்பதே வழக்கு. பரதரின் நாட்டிய சாத்திரமும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரமும் இருபத்திரண்டு என்றன. சொன்னவை சாத்திரங்கள், மறுப்பதற்கு எவருக்கு நா எழும்?

பண்டிதர் சிலப்பதிகாரத்தைப் புரட்டினார். இளங்கோவின் காப்பியத்தில் இசைநூல் ஒன்றே புதைந்து கிடக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு இசையின் பெயரையும் ஆய்ச்சியர் எழுவருக்கு இட்டு, வட்டமாக நிறுத்திக் குரவை ஆட வைக்கிறார் இளங்கோ. மோர் கடையும் மகளிர் இடத்திலே இசை இலக்கணம்! பன்னிரண்டு வீடுகள் கொண்ட வட்டத்தில், குரலிலிருந்து இளி, இளிக்கு இளி என்று எண்ணிச் சென்றால், பன்னிரண்டாம் முறையில் தொடங்கிய இடத்திற்கே திரும்ப வேண்டும். அப்போது ஏழு ஸ்தாயிகள் கடந்திருக்கும். இளியின் பின்னத்தை அப்படியே பெருக்கிக்கொண்டு போனாலோ, 128 வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 129.75 வருகிறது, வட்டம் மூடுவதில்லை. இருபத்திரண்டு என்ற பங்கீட்டிலும் அது மூடவில்லை.

ஆகவே பண்டிதர் உரைத்தார்: ஸ்தாயி சம அளவான பன்னிரண்டு நிலைகளாகவும், அவை ஒவ்வொன்றும் இரண்டாகி இருபத்துநான்கு சுருதிகளாகவும் பகுக்கப்படும், ஆயப்பாலை பன்னிரண்டு, வட்டப்பாலை இருபத்துநான்கு, மேலும் நுணுகினால் நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. சிலம்பின் உரைகளிலும் இருபத்திரண்டு என்ற எண் வருகிறதே என்ற வினா எழுந்தது. பண்ணின் அமைதிக்காக இரண்டு அலகு குறைத்துச் சொன்ன முறை அது என்று விளக்கம் தந்தார்.

இந்த முடிவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவில்லை. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார்; தம் செலவிலேயே மாநாடுகளைக் கூட்டினார்; வித்துவான்களை அழைத்து, "மறுப்பீர், மெய்ப்பிப்பீர்" என்று வாதுக்கு வழிவிட்டார். 1917இல் ஆயிரத்து முந்நூறு பக்கங்களைக் கடந்த 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. இரண்டாண்டில், 1919 ஆகஸ்டு 31இல் அவர் மறைந்தார். எஞ்சிய கையெழுத்துப் படியை மகள் மரகதவல்லி 1946இல் இரண்டாம் புத்தகமாக அச்சேற்றினார். மகன் வரகுணபாண்டியன் 1950இல் 'பாணர் கைவழி' என்னும் யாழ்நூலை எழுதினார். அந்தக் குடும்பத்தில் பண்ணையைப் போலவே ஆராய்ச்சியும் வழிவழிச் சொத்தாயிற்று.

*

பண்டிதர் சொன்னவை அனைத்தும் சரியா? அப்படிச் சொன்னால் சாத்திரத்தை வணங்கிய கும்பலுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. கடல்கொண்ட குமரிக்கண்டம் பற்றி அவர் விரித்தெழுதிய பகுதியை இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. இருபத்துநான்கு என்ற முடிவையும் இசை ஆய்வாளர் அனைவரும் ஒப்பியதில்லை; பரோடாவிலும் வாதம் முடிந்தபாடில்லை. ஆனால் அவர் முறை நிற்கிறது! "சொன்னவர் யார்?" என்று கேளாமல் "சொன்னது அளவுக்கு ஒத்துவருகிறதா?" என்று கேட்ட முறை அது. அந்த முறையைக் கொண்டே அவரையும் நாம் அளக்கலாம். தன்னையும் அளந்து பார்க்க அளவுகோல் தந்துவிட்டுச் செல்பவனே அறிஞன். பக்தர் ஒருவருக்குப் பகுத்தறிவு ஏட்டில் இடம் ஏன் என்ற வினாவுக்கு விடை இதுதான்.

*

இனிக் கொங்குநாட்டுக்கு வருவோம்.

பண்டிதருக்குச் சிலம்பின் இசைப்பகுதியைத் திறந்த திறவுகோல் அடியார்க்கு நல்லாரின் உரை. அவ்வுரை இன்றேல் அரங்கேற்று காதை பூட்டிய பெட்டியே. அடியார்க்கு நல்லார் கொங்குநாட்டு நிரம்பை ஊரினர் என்று கொங்கு மண்டல சதகம் பாராட்டுகிறது. உரையெழுத அவர் துணைகொண்ட பழைய நூல்களுள் ஒன்று, அறிவனார் இயற்றிய 'பஞ்சமரபு'. பண்டிதர் காலத்தில் அது பெயரளவிலேயே இருந்தது. பின்னர் அதன் ஏட்டுச்சுவடி கொங்குநாட்டிலேயே கிடைத்தது, வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரின் உழைப்பால் 1970களில் அச்சேறியது.

மற்றொன்றும் உண்டு. ஈரோட்டை அடுத்த அரச்சலூரில், மலைப் பாறையிலே, பழந்தமிழ் எழுத்தில் தாளக் கட்டின் ஒலிகள் சதுரமாக வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுக்கு முற்பட்ட இசைக் கல்வெட்டு அது! 1960களின் தொடக்கத்திலேதான் ஆய்வாளர் கண்ணுக்குத் தெரிந்தது. அமைத்தவன் கடவுளல்லன், வண்ணக்கன் தேவன் சாத்தன் என்னும் மனிதன். வண்ணக்கன் என்றால் நாணயம் நோட்டம் பார்ப்பவன். காசின் மாற்றை உரசிப் பார்த்த கை, தாளத்தின் கணக்கையும் கல்லிலே பொறித்தது! பண்டிதர் கண்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

கோவை தந்த ஆர். கே. சண்முகம் செட்டியார், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர், தமிழிசை இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்; 1946இல் சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்குத் தாமே உரை எழுதி வெளியிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் முழங்கிய தமிழிசைக் குரலும், 1943இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கமும், விபுலாநந்தரின் 1947ஆம் ஆண்டு 'யாழ் நூலும்' பண்டிதர் வெட்டிய வாய்க்காலில் ஓடிய நீர் எனலாம்.

இந்தச் சங்கிலியைப் பாருங்கள்! சமண மரபினர் என அறியப்படும் இளங்கோ, கொங்கு உரையாசிரியர், சிலம்பை 1892இல் அச்சிற் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர்; தடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த கிறித்தவப் பண்டிதர்; ஈழத்துத் துறவி விபுலாநந்தர். எந்த மதம் இதனைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாட முடியும்? எந்தச் சாதி வாயிற்காப்பாளனாக நிற்க முடியும்? மதமும் சாதியும் பலவாக இருந்தும் மொழியும் அறிவுமே இவர்களை ஒரே கயிற்றில் கோத்தன.

கோவையிலும் ஈரோட்டிலும் படிப்பகம் நடத்தும் இளைஞர்களே! அரச்சலூர்ப் பாறை உங்கள் அருகில் இருக்கிறது. பஞ்சமரபு உங்கள் மண்ணிலே கிடைத்த நூல். அடியார்க்கு நல்லார் உங்கள் ஊரார். அவற்றைப் போற்றி மாலை போடுவது எளிது, மாலை வாடிவிடும். படியுங்கள், பாடிப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பெண்களையும் பாட விடுங்கள், எவர் எண்ணைச் சொன்னாலும் தந்தியிலே அளந்து பாருங்கள். பண்டிதர் விட்டுச் சென்ற வேலை இன்னும் முடியவில்லை.