டார்க் ரூம் மாணவி

பாரீஸ், 1923. புகைப்படக் கலைஞர் மேன் ரேக்கு டார்க் ரூம் உதவியாளர் தேவைப்பட்டது. ஒரு விசித்திர நிபந்தனை – போட்டோகிராஃபி சுத்தமாகத் தெரியாதவராக இருக்கணும்! (தெரிந்த ஆசாமிகள் சொன்னபடி கேட்கமாட்டார்களே!) சிற்பம் கற்கப்போய், காசில்லாமல் திண்டாடிய அமெரிக்கப் பெண் பெரனிஸ் ஆபட் தானே முன்வந்தார்.

மேன் ரே காமிரா பாடம் எதுவும் நடத்தவில்லை. அவர் எடுத்த முகங்களை பிரின்ட் போடுவதுதான் ஆபட்டின் வேலை. யோசித்துப் பாருங்கள்... ரசாயனத் தட்டில் ஒவ்வொரு முகமாக மெல்ல எழும்பி வரும்போது, வெளிச்சம் கன்னத்தில் எங்கே விழுந்தது, நிழல் எங்கே காரியத்தைக் கெடுத்தது என்பதெல்லாம் தெரியாமலா போகும்?

பிறகு, பகல் சாப்பாட்டு நேரங்களில் அதே ஸ்டூடியோவில் நண்பர்களைப் படமெடுக்க ஆரம்பித்தார். ‘இந்தப் பெண்ணே எடுக்கட்டும்’ என்று ஆட்கள் கேட்க, குருவுடன் விரிசல்! 1926-ல் தனி ஸ்டூடியோ.

1922-ல் மேன் ரே படமெடுத்த ஜேம்ஸ் ஜாய்ஸை, 1928-ல் தொப்பியோடு ஆபட் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காப்பி இல்லை!